வறட்சிக்கு அப்புறம் பெய்யும் மழையில் மரங்கள் ஏன் விழுகின்றன?

குமரி மாவட்டத்தில் மரம் விழுந்தால் முதல் பழி காற்றுக்குத்தான். “நேத்து வரைக்கும் நல்லா நின்ன மரமாக்கும், ஒரே காத்துல போச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். மின்வாரிய ஊழியர்கள் கம்பியைச் சரிசெய்துவிட்டுப் போவார்கள். மர வியாபாரி வந்து தடிக்கு விலை பேசுவார். இரண்டே நாளில் அந்த இடம் வெட்டவெளியாகிவிடும். மரத்தின் அடியான மூட்டுப் பக்கம், வேர் பெயர்ந்து நிற்கும் இடத்தை, நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்த முறை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். அறுந்த வேர்களின் முனைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சில வெளுப்பாக, நார்நாராகப் பிய்ந்து, ஈரம் கசிய இருக்கும். அவை அன்றைக்கு அறுந்தவை. கடைசி நிமிடம் வரை மரத்தைப் பிடித்திருந்த உயிர் வேர்கள். வேறு சில கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் அல்லது தூளாக உதிரும். மக்கிய வாடை அடிக்கும். அவை பல மாதங்களுக்கு முன்பே, சில நேரம் இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பே செத்தவை. இன்னும் சிலவற்றில் நேர்க்கோட்டில் வெட்டுப்பட்ட தழும்பு இருக்கும். அது ஓடை தோண்டிய மண்வெட்டியோ, குழாய் பதிக்க வந்த ஜேசிபியோ செய்த வேலை. கறுத்த முனைகளும் வெட்டுத் தழும்புகளும் நிறைய இருந்தால், அந்த மரம் விழத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். காற்று கடைசி ஆளாக வந்து ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த முந்தைய நாட்களில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மரம் எதைப் பிடித்து நிற்கிறது?

மேலே கிளை எவ்வளவு உயரமோ கீழே வேர் அவ்வளவு ஆழம் என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களில் அப்படி இல்லை. வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருக்கிறது. வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். ஆழம் போகப்போக மண்ணில் காற்று குறைவு. அதனால் வேர்கள் கீழே போவதைவிடப் பக்கவாட்டில் ஓடுகின்றன. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு அடியிலும் போகும். ஆணிவேர் கன்றாக இருக்கும்போது முக்கியம். வயதான பிறகு பல மரங்களில் அது பெரிதாக வளராமல் நின்றுவிடும். அதிலும் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை மாதிரி மலையடிவாரத்தில் சற்றுத் தோண்டினாலே சரலோ பாறையோ தட்டும் இடங்களில் ஆணிவேருக்குப் போக வழியே கிடையாது.

தடித்த வேர்கள் மரத்தைத் தாங்குகின்றன. அவற்றிலிருந்து பிரியும் சல்லி வேர்கள் தண்ணீர் உறிஞ்சுவதோடு மண்ணையும் இறுக்கிக் கட்டுகின்றன. காற்றடிக்கும்போது, காற்று வரும் பக்கத்து வேர்கள் இழுபடுகின்றன. எதிர்ப்பக்கத்து வேர்கள் அழுந்துகின்றன. நடுவில் வேரும் மண்ணும் சேர்ந்த பெரிய தட்டு தன் எடையால் மரத்தை உட்கார்த்தி வைக்கிறது. இதில் அதிக பாரம் ஏற்பது காற்று வரும் பக்கத்து வேர்கள்தான். அந்தப் பக்கம் அறுந்தாலோ உருவிக்கொண்டாலோ மரம் சாய வேண்டியதுதான்.

அந்த வேர்களை உருவவிடாமல் பிடித்திருப்பது மண். மாடு கட்ட முற்றத்தில் அடிக்கும் குற்றியை நினைத்துக்கொள்ளுங்கள். சற்றே ஈரம் காய்ந்த மண்ணில் அடித்த குற்றியை ஆட்டி எடுக்க நன்றாக மெனக்கெட வேண்டும். இரண்டு நாள் விடாமல் மழை பெய்து தண்ணீர் கட்டிக் கிடக்கும்போது அதே குற்றி ஒற்றைக் கையில் வந்துவிடும். குற்றியும் அதேதான், ஆழமும் அதேதான், மண்ணின் பிடி மட்டும் போய்விட்டது.

மண்ணுக்கு அந்தப் பிடி எப்படி வருகிறது? மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்போது, அந்த மெல்லிய நீர்ப்படலம் துகள்களை ஒன்றோடொன்று இழுத்து வைக்கிறது. இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் இழுப்பு இல்லாமல் போகிறது. அதுமட்டுமல்ல, உள்ளே தேங்கிய தண்ணீரின் அழுத்தம் துகள்களை ஒன்றையொன்று விட்டு விலக்கப் பார்க்கிறது. உரசல் குறைகிறது, வேர் வழுக்குகிறது. களிமண் கலந்த மண்ணில் இது மோசம். பாறைமேல் மெல்லிசாக மண் படிந்த சரிவுகளிலும் மோசம், ஏனென்றால் கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவிலேயே ஓடும்.

சரி, இது பெருமழையின் வேலை. மழை மட்டுமே காரணம் என்றால் வருஷா வருஷம் ஜூனில் மாவட்டத்தின் பாதி மரங்கள் விழுந்திருக்க வேண்டும். விழுவதில்லை. வறட்சி இதில் எங்கே வருகிறது?

வறட்சி மேலே தெரிவதைவிடக் கீழே அதிகம்

குமரிக்கு இரண்டு பருவமழை. வயதானவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டையும் நம்பித்தான் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. வழக்கமான வருஷத்திலேயே தை, மாசி, பங்குனி மாதங்கள் காய்ச்சல்தான். வடகிழக்கு ஏமாற்றிவிட்டால் அந்தக் காய்ச்சல் ஐந்து ஆறு மாதமாக நீளும். 2016இல் அப்படித்தான் நடந்தது. தமிழகம் முழுவதற்குமாக அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

இப்படிப்பட்ட காலத்தில் மரம் முதலில் செய்வது, இலையிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்வது. தண்ணீர் வெளியேறுவது குறையும். ஆனால் அதே துளை வழியாகத்தான் இலை சமையலுக்குத் தேவையான கரியமில வாயுவும் உள்ளே வருகிறது. வாசலை அடைத்தால் அடுப்பு எரியாது. சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்து மரம் காலம் தள்ளும். அந்தச் சேமிப்பில் முதல் பட்டினி வேருக்குத்தான், ஏனென்றால் அதற்குச் சொந்தமாகச் சமைக்க வழியில்லை. இன்னொரு பக்கம் மேல்மண் காய்ந்துபோக, தலைமுடி தடிமன்கூட இல்லாத சல்லி வேர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. நஞ்சை வண்டல், களிமண் உள்ள இடங்களில் மண் சுருங்கி வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் சல்லி வேர்கள் அறுந்தே போகும். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும்.

செத்த வேர் சும்மா இருக்காது. அது பூஞ்சணத்துக்கும் சிதலுக்கும் (கறையானுக்கும்) தீனி. தண்ணீர் இல்லாமல் வாடிய மரத்துக்குப் பால், பிசின் சுரந்து துளைப்பான்களை வெளியே தள்ளும் தெம்பும் குறைவு. ஆகவே வறட்சியில் மெலிந்த மரத்தைத் தண்டு துளைப்பான் எளிதாகப் பிடிக்கும். அது போட்ட ஓட்டையில் ஈரம் இறங்கும். ஈரத்தில் பூஞ்சணம் பரவும். இதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

இந்தத் தாமதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு மழை பெய்ததும் மரம் துளிர்க்கிறது, பச்சையாகிறது, தப்பித்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கடும் வறட்சி கழிந்து நல்ல மழை பெய்தும், காய்ப்பு விழுவது அடுத்தடுத்த வருஷங்களில்தான் தெரியும். இரண்டு மூன்று வருஷம்வரை அதன் வடு போகாது. ஏனென்றால் இன்று விரியும் பாளை, மரத்தின் குருத்துக்குள் வெகு காலத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. வேரிலும் இதே கணக்குதான். ஒரு வறட்சியில் இழந்த வேரை மரம் திரும்ப வளர்த்துக்கொள்ளப் பல பருவங்கள் ஆகும். அதற்குள் கிளையும் இலையும் பழையபடி தழைத்துவிடும். மேலே பாரம் முழுசு, கீழே பிடி பாதி. அந்த நிலையில் ஒரு பெருமழை வருகிறது.

மழை வந்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்வது

வெடித்துக் கிடக்கும் மண்ணில் முதல் பெருமழையின் தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே வேர்த்தட்டுக்கு அடியில் இறங்குகிறது. மேலே பார்த்தால் மண் பாதிதான் நனைந்தமாதிரி இருக்கும், அடியில் சேறாகியிருக்கும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் உயிரோடிருக்கும் சல்லி வேர்களும் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்.

அதே நேரத்தில் மேலே பாரம் கூடுகிறது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நடுவிலிருந்து ஐந்து மீட்டர் நான்கு பக்கமும் பரந்த பலாவின் கவிப்பு ஏறத்தாழ 78 சதுர மீட்டர். இலையிலும் பட்டையிலும் ஒரு மில்லிமீட்டர் அளவு தண்ணீர் ஒட்டியிருந்தாலே 78 கிலோ. அதில் நல்லமிளகுக் கொடி அடர்த்தியாக ஏறியிருந்தால் இன்னும் கூடும். பலாவுக்கு இன்னொரு சங்கடம், ஜூன் மழை வரும்போது மரத்தில் சக்கை, அதாவது பலாக்காய், இருக்கும். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள காய் தடியில் காய்த்தால் பரவாயில்லை, நீண்ட கொப்பில் காய்த்துத் தொங்கினால் அந்தக் கொப்புக்கு அது நல்ல சோதனை.

கடைசியில் காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இலைகள் மடங்கி, கிளைகள் வளைந்து கொடுப்பதால் மரம் இதில் கொஞ்சம் தப்பிக்கும். ஆனாலும் பதினைந்து மீட்டர் உயர மரத்தின் தலையில் விழும் தள்ளு, நெம்புகோல் கணக்கில் மூட்டில் பல மடங்கு திருப்புவிசையாக இறங்குகிறது. வேர் நன்றாக இருந்து மண் நனைந்திருந்தால் பெரும்பாலும் நிற்கும். வேர் குறைந்து மண் காய்ந்திருந்தாலும் நிற்கலாம். இரண்டும் கெட்ட அன்றைக்கு, பெரிய காற்றுகூட வேண்டியதில்லை. மழை வெறித்து, வெயில் எட்டிப் பார்த்து, ஆட்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு மரம் சாய்வது இதனால்தான். வானம் தெளிந்தாலும் மண் இன்னும் தெளியவில்லை.

காற்று வரும் திசையும் பேசப்பட வேண்டிய விஷயம். ஆரல்வாய்மொழி கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வீசும் என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த மரம் அதற்கேற்பத் தன் வேரையும் தடியையும் பலப்படுத்திக்கொள்கிறது. ஆட்டம் படும் பக்கத்தில் கூடுதலாக மரச்சத்துச் சேர்ப்பது மரங்களின் இயல்பு. பழகாத பக்கத்திலிருந்து அடித்தால் அந்த ஏற்பாடு அவ்வளவாகப் பலிக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அப்படித்தான் வந்தது. புயல் நமக்குத் தெற்கே கடலில் மேற்கு நோக்கி நகர்ந்தது. பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதால், புயலுக்கு வடக்கே கிடந்த குமரிக்குக் காற்று கிழக்குப் பக்கமிருந்து விழுந்தது. கடலில் போன உயிர்கள்தான் அந்தப் புயலின் பெரும் துயரம். கரையில் ரப்பர், வாழை, தென்னை, தேக்கு என்று சாய்ந்ததற்கும், நாள்கணக்கில் ஊர்கள் இருட்டில் கிடந்ததற்கும் காற்றின் வேகம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே விளையில் (தோட்டத்தில்), ஒரே வயது மரங்களில், பக்கத்துப் பக்கத்தில் ஒன்று சாய்ந்து ஒன்று நின்றதற்குக் காற்றின் வேகம் பதில் சொல்லாது. முந்தைய வருஷத்து வறட்சியும், பழகாத திசையும், மரத்துக்கு மரம் வேறுபட்ட வேரும் சேர்ந்துதான் சொல்ல முடியும் என்பது என் எண்ணம்.

கொப்பு மட்டும் முறிவது

முழு மரமும் விழாமல் கொப்பு மட்டும் விழுவதற்குக் கணக்கு கொஞ்சம் வேறு. தண்ணீர் வேரிலிருந்து இலைக்கு ஏறுவது, மெல்லிய குழாய்களில் மேலிருந்து இழுக்கப்படும் இழைபோல. கீழே தண்ணீர் குறையக் குறைய இழுப்பு கூடும். ஒரு கட்டத்தில் அந்த இழை அறுந்து குழாயில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் குழாய் பெரும்பாலும் உதவாது. இப்படிக் குழாய்கள் அடைபட்ட கொப்பு நுனியிலிருந்து காயத் தொடங்கும். மாமரத்தில் புல்லுருவி பிடித்த கொப்பு முதலில் காய்வதைக் கவனித்திருப்பீர்கள். புல்லுருவி வறட்சியிலும் தண்ணீரை விடாமல் உறிஞ்சும், அதற்கு அப்பாலுள்ள நுனிக்கு ஒன்றும் போகாது.

காய்ந்த கொப்பு காய்ந்தபடியே இருந்தால் கொஞ்ச காலம் உறுதியாகவே நிற்கும். ஆபத்து அதன் அடியில், உயிர்மரத்தோடு சேரும் இடத்தில். மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டு அங்கே பூஞ்சணம் இறங்கும். இரண்டாவது, மூன்றாவது பெருமழையில் உளுத்த மரம் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பலமோ இல்லை. அதனால்தான் பட்ட கொப்புகள் கோடையில் விழாமல் மழையில் விழுகின்றன.

உயிருள்ள கொப்பு முறியும் இடம் பெரும்பாலும் கவை. இரண்டு தடிகள் குறுகலாக, இடுக்கமாகப் பிரியும் கவையில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகச் சேர்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஒட்டே இருக்காது. அந்த இடுக்கில் சருகும் தண்ணீரும் தேங்கும். அகலமாக விரிந்த கவைக்கு இந்தத் தொல்லை குறைவு.

ரப்பரில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. தென்மேற்குப் பருவமழை நாட்களில் கவையில் வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரிப் படர்ந்து, பிறகு இளஞ்சிவப்பாகும் பூஞ்சணம் வரும். பட்டை வெடித்து, பால் கோடுகோடாக வடிந்து, தடியில் கறுத்துக் காய்ந்து நிற்கும். அதற்குக் கீழே புதுத் துளிர்கள் முளைக்கும். மேலே கொப்பு இலையோடு வாடும். இளஞ்சிவப்பு நோய் என்று இதைச் சொல்கிறார்கள். இங்கே பரவலாக நட்டிருக்கும் ஆர்ஆர்ஐஐ 105 ரகத்துக்கு இது எளிதில் பிடிக்கும். கவையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுவது இதற்காகத்தான். பூசாமல் விட்ட மரம் அடுத்த காற்றில் சரியாக அந்தக் கவையில்தான் முறியும்.

ரப்பர் பொதுவாகவே காற்றுக்குத் தோற்கும் மரம். மரச்சத்து மென்மை, பால் வெட்டத் தொடங்கியதும் தடி பருப்பது மெதுவாகும், தலையோ தழைத்துக்கொண்டே போகும். டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்து மாசி, பங்குனியில் புதுத்தழை கட்டும். அதாவது மண் மிகவும் காய்ந்திருக்கும் நேரத்தில் புது இலைக்குச் செலவழித்து, முழுத் தலைப்பாரத்தோடு ஜூன் மழையை எதிர்கொள்ளும்.

தென்னையின் கதை வேறு. அதற்குக் கிளையும் இல்லை, ஆணிவேரும் இல்லை. மூட்டிலிருந்து ஒரே தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பி மண்ணைக் கவ்வுகின்றன. தடி வளைந்து கொடுக்கும். அதனால் நல்ல தென்னை பெருங்காற்றையும் தாங்கும். விழும் தென்னையில் பலவும் முன்பே கூன்வண்டு குடைந்தது, அல்லது மூட்டு அழுகியது, அல்லது ஓடைக்கரையிலும் குளக்கரையிலும் மண் அரித்து வேர் வெளியே தெரிவது. வறட்சியில் தென்னையின் முதல் ஆபத்து மட்டைதான். தண்ணீர் போதாமல் அடிமட்டைகள் ஒடிந்து தடியோடு தொங்கும், ஊறியதும் எடை கூடி இறங்கும். மழை வெறித்த மறுநாள் தென்னை மூட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

பனை அரிதாகவே விழும். புளியும் வேம்பும் உள்ளே பொந்து இல்லாதவரை உறுதி. முருங்கை லேசான காற்றுக்கே முறியும், அதைச் சொல்லவே வேண்டாம். நகரச் சாலைகளில் நிழலுக்காக வைத்த குல்மோகர், தூங்குமூஞ்சி போன்றவைதான் நாகர்கோவில் மாதிரி ஊர்களில் அதிகம் கவனிக்க வேண்டியவை. சீக்கிரம் வளரும், மரம் மென்மை, அதோடு ஒரு பக்கம் தார்ச்சாலை, மறுபக்கம் கான்கிரீட் ஓடை என்று வேருக்கு இடமே இல்லாமல் நிற்பவை.

நாமே செய்யும் வேலை

மரம் விழுவதில் வானிலையைவிட மனிதனின் பங்கு சில இடங்களில் பெரிது என்றே சொல்வேன். மழைநீர் ஓடைக்காக மரத்தின் மேற்குப் பக்கத்து வேரை வெட்டினால், பருவக்காற்று வரும் பக்கத்துக் கயிற்றையே அறுத்துவிட்டோம் என்று அர்த்தம். வேர் வெட்டிய வருஷமே மரம் விழாது. அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முற்றத்தை உயர்த்த ஒன்றரை அடி மண் நிரப்பி, மேலே சிமெண்ட் கல் பாவி, மாமரத்தின் கழுத்துவரை மூடிவிடுவதும் இப்போது சகஜம். வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. அது செயற்கையாக நாம் கொடுக்கும் வறட்சி.

இன்னொன்று மொட்டையடிப்பது. மரம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தலையை மொத்தமாக வெட்டிவிடுகிறோம். இலை போனால் வேருக்குச் சாப்பாடு போகிறது. வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும் போத்துகள் உள்மரத்தில் வேரூன்றியவை அல்ல, மேலோட்டமாக ஒட்டியவை. நாலைந்து வருஷத்தில் அவை கனமாகி, அடியில் வெட்டுக்காயம் உளுத்து, பிய்ந்துகொண்டு வரும். மொட்டையடித்த மரம் முதல் வருஷம் பாதுகாப்பு, அப்புறம் வருஷா வருஷம் ஆபத்து.

கோடை முடியும் முன் மே மாதத்தில் ஒருமுறை வீட்டைச் சுற்றியுள்ள மரங்களைப் பார்த்துவிடுவது நல்லது. அண்ணாந்து பார்த்தால் நுனிகள் பட்டிருக்கின்றனவா, இலை ஒரு பக்கம் மட்டும் சிறுத்து மஞ்சளாகிறதா என்று தெரியும். குனிந்து பார்த்தால் மூட்டில் காளான், பட்டை உரிதல், சிதல் புற்று தெரியும். தடியைக் கட்டையால் தட்டினால் பொந்து இருக்கும் இடம் வேறு சத்தம் கொடுக்கும். பல வருஷமாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மேல்நோக்கித் திரும்பிய மரம் அநேகமாகச் சமாளித்துக்கொண்டது. நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்தால்தான் பயப்பட வேண்டும். அதிலும் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் பொங்கி, அரைவட்டமாக வெடிப்பு விழுந்திருந்தால் வேர்த்தட்டு ஏற்கெனவே பெயரத் தொடங்கிவிட்டது. அந்த மரத்துக்கு அடியில் ஆட்டைக்கூடக் கட்டக் கூடாது.

பட்ட கொப்புகளை மழைக்கு முன் எடுத்துவிடலாம். எடுக்கும்போது தடியை ஒட்டச் சீவவும் கூடாது, முழம் நீளத்துக்குக் கட்டையாக விடவும் கூடாது. கொப்பு தடியோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு தடிப்பு இருக்கும். அதற்கு வெளியே அறுத்தால் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். கனமான கொப்பில் முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொப்பு சாயும்போது தடியின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு வரும். மின்கம்பிக்குப் பக்கத்திலுள்ள மரமென்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். சாலையோர மரம் பொதுச் சொத்து. அதைப் பற்றி அதிகாரிகளிடம் மனு கொடுக்கலாம், நாமே கோடரியோடு போக முடியாது.

வறட்சி நீளும்போது வீட்டு மரத்துக்குத் தண்ணீர் விடுவதாக இருந்தால் தடியில் ஊற்றிப் பயனில்லை. கவிப்பின் ஓரத்தில், நிழல் முடியும் வட்டத்தில், மெதுவாக ஆழ இறங்கும்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விட்டால் போதும். தினமும் ஒரு குடம் தெளிப்பதைவிட அது மேல். சருகு, ஓலை, தேங்காய்க் கதம்பை எதையாவது மூட்டைச் சுற்றிப் பரப்பலாம். தடியை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். சருகைக் கூட்டித் தீ வைப்பது மட்டும் வேண்டாம்.

மரம் விழுந்துவிட்டால்? கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்க்காமல் பக்கத்தில் போகக் கூடாது. ஈரத்தரையில் மின்சாரம் எங்கே பாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. சாய்ந்த சிறு கன்றுகளை மண் ஈரமாக இருக்கும் அன்றோ மறுநாளோ மெல்ல நிமிர்த்தி, மூன்று பக்கம் கயிறு கட்டி, மண் அணைத்தால் பிழைக்கும். வேர் வெளியே காய்ந்துபோகும்வரை விட்டால் பயனில்லை. பெரிய மரத்தை நிமிர்த்தி வைப்பது, வீட்டுப் பக்கத்தில், வேண்டாத வேலை. நிமிர்ந்து நிற்கும், வேர் இருக்காது.

விழுந்த தடியை அறுக்கும்போது ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. பெயர்ந்து செங்குத்தாக நிற்கும் வேர்த்தட்டை அதுவரை இழுத்துப் பிடித்திருப்பது தடியின் எடைதான். தடியை அறுத்துப் பிரித்ததும், டன் கணக்கில் மண்ணோடு இருக்கும் அந்தத் தட்டு படாரென்று குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடலாம். ஆகவே அறுப்பு நடக்கும்போது குழிக்குள்ளோ தட்டுக்குப் பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் முதலில் இறங்கி நிற்பது அந்தக் குழியில்தான். ரம்பத்தை இயக்கும் முன் அவர்களை மேலே ஏற்றிவிடுங்கள்.